ஆர்.என்.கே. ஸ்ப்ளிட்: மூன்றாம் இடத்திலிருந்து மூன்றாம் பிரிவுக்கு

(திரையில்: ஸ்ப்ளிட் நகர வரைபடம். இரண்டு மைதானங்கள் வட்டமிட்டுக் காட்டப்படுகின்றன.)

குரோஷியாவோட ஸ்ப்ளிட் நகரம்னாலே கால்பந்து பார்க்கிறவங்களுக்கு ஹைடுக்தான் ஞாபகம் வரும். 1911-ல தொடங்கின கிளப் அது. அடுத்த வருஷமே, 1912-ல, அதே ஊர்த் தொழிலாளர்கள் தங்களுக்குன்னு ஒரு கிளப் ஆரம்பிச்சாங்க. முதல்ல வச்ச பேர் 'அனார்ஹ்', அதாவது அராஜகவாதி. ஆஸ்திரிய-ஹங்கேரி ஆட்சி நடந்துட்டிருந்த ஊர்ல இப்படி ஒரு பேர்! அதுக்கப்புறம் பல தடவை பேர் மாறி, கடைசியா 'தொழிலாளர் கால்பந்துக் கிளப் ஸ்ப்ளிட்'னு நின்னுச்சு. சுருக்கமா ஆர்.என்.கே. ஸ்ப்ளிட். ஜெர்சி சிவப்பு, ரசிகர்கள் கூப்பிடுறதும் 'சிவப்பர்கள்'னுதான். ஹைடுக்னா வெள்ளை.

(திரையில்: 1941)

1941 ஏப்ரல்ல இத்தாலியப் படை ஸ்ப்ளிட்டைப் பிடிச்சுது. ஆகஸ்ட்ல நகரத்தோட முதல் பார்ட்டிசான் (ஆக்கிரமிப்பை எதிர்த்த கம்யூனிஸ்ட் தலைமையிலான போராளிகள்) கெரில்லாப் படை மலைப்பக்கம் கிளம்புச்சு. அதுல இந்த கிளப் ஆட்களும் இருந்தாங்க. சில நாள்லயே படை சுத்தி வளைக்கப்பட்டுச்சு. பிடிபட்டவங்களை சின்ய் ஊர்ப் பக்கத்துல சுட்டுக் கொன்னாங்க. போர் முடியறதுக்குள்ள கிளப் உறுப்பினர்கள்ல நூறு பேருக்கு மேல செத்திருந்தாங்க. ஒரு கால்பந்து கிளப்புக்கு இது எவ்வளவு பெரிய இழப்புன்னு யோசிங்க: ஆடறவங்க மட்டுமில்ல, நடத்தறவங்க, அடுத்து வரவேண்டிய பசங்கன்னு ஒரு தலைமுறையே போயிடுச்சு.

குரோஷியா யூகோஸ்லாவியாவோட பகுதியா இருந்த காலத்துல பெரும்பாலும் கீழ்ப் பிரிவுகள்லதான் ஆட்டம். 1960-61-ல முதல் பிரிவுல ஆடினாங்க. அந்த சீசன் முடிஞ்சதும் இறங்கிட்டாங்க.

(திரையில்: பார்க் ம்லாடெஷி மைதானம்)

மைதானத்தைக் கொஞ்சம் நிதானமாப் பார்க்கலாம், ஏன்னா பின்னாடி வர்ற சிக்கல்ல இதுக்கும் பங்கு இருக்கு. பேர் பார்க் ம்லாடெஷி. பழைய பேர் பார்க் ஸ்கோயெவட்ஸா. கம்யூனிஸ்ட் இளைஞர் அமைப்பு உறுப்பினர்களைக் குறிக்கிற பேர். உட்கார ஏறக்குறைய 4,000 பேருக்குத்தான் இடம். புல்தரைக்கும் பார்வையாளர்களுக்கும் நடுவுல ஓடுதளம் வேற. ஊர்ல பெரும்பாலானவங்க ஹைடுக் ரசிகர்கள். அதனால டிக்கெட் வித்து முதல் பிரிவு சம்பளம் கொடுக்கிறது இங்க நடக்காத காரியம். வீரர்களை விற்கணும், ஐரோப்பியப் போட்டிப் பணம் வரணும், இல்லைன்னா பின்னாடி இருக்கிற முதலாளி கையிலிருந்து போடணும்.

அப்படிப் பணம் வந்தப்போ ஏற்றம் மளமளன்னு நடந்துச்சு. 2009-10-ல இரண்டாம் பிரிவு சாம்பியன். அடுத்த சீசன் 16 அணி ஆடின முதல் பிரிவுல, புதுசா வந்த இவங்க டினாமோ ஸாக்ரெப், ஹைடுக் இரண்டுக்கும் அடுத்து மூன்றாவது! 2011-ல யூரோப்பா லீக் (ஐரோப்பிய கிளப்புகளோட இரண்டாம் நிலைப் போட்டி) தகுதிச் சுற்றுல ஸ்லோவேனியாவோட டொம்ஷாலேயை ஜெயிச்சு, இங்கிலாந்தோட ஃபுல்ஹாமைச் சந்திச்சாங்க. முதல் ஆட்டம் 0-0, லண்டன்ல 0-2. 2014-ல இன்னும் ஒரு படி மேல, பிரதான கட்டத்துக்கு முந்தைய கடைசிச் சுற்று. இத்தாலியோட டொரினோகிட்ட 0-0, அப்புறம் 0-1. ஒரே ஒரு கோல்ல போச்சு. 2015 மே மாசம் குரோஷியக் கோப்பை இறுதி: டினாமோவோட 0-0, பெனால்டியில 2-4 தோல்வி.

பின்னாடி மிலானுக்கு ஆடின அன்டே ரெபிச் இங்கிருந்து போனவர்தான். 2013-ல இத்தாலியோட ஃபியொரென்டினா கிளப் அவரை வாங்குச்சு. 2018 உலகக் கோப்பையில அர்ஜென்டினாவுக்கு எதிரான முதல் கோல் அவர் அடிச்சது.

(திரையில்: 2016-17 அட்டவணை, கடைசி வரிசை)

2016-17-ல முதல் பிரிவுல 10 அணிகள்தான். ஒவ்வொரு அணியோடயும் நாலு தடவை, மொத்தம் 36 ஆட்டம். கடைசி இடம் நேரா இறக்கம். ஸ்ப்ளிட் கடைசி. அப்போ இரண்டாம் பிரிவுலதானே ஆடணும்? இல்லை, மூன்றாம் பிரிவு. இரண்டாம் பிரிவு உரிமம் கிடைக்கலை.

இந்த உரிமம்தான் பலர் கவனிக்காத விஷயம். ஐரோப்பாவுல அட்டவணையில இடம் பிடிச்சா மட்டும் போதாது. ஒவ்வொரு வருஷமும் நாட்டோட கால்பந்துக் கூட்டமைப்புகிட்ட உரிமம் வாங்கணும். இளையோர் அணிகள், மைதானம், நிர்வாக ஆட்கள், சட்ட ஆவணங்கள், நிதின்னு அஞ்சு பக்கமும் பார்ப்பாங்க. கிளப்புகள் அதிகமா மாட்டுறது நிதியில. ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபாவோட அப்போதைய விதிப்படி, டிசம்பர் 31 வரைக்கும் சேர்ந்த பாக்கி மார்ச் 31-க்குள்ள தீர்ந்திருக்கணும்: வீரர் சம்பளம், வரி, வீரரை வாங்கினதுக்கு மத்த கிளப்புக்குக் கொடுக்க வேண்டிய தொகை எல்லாமே. கொடுக்க முடியலைன்னா, பாக்கி வாங்க வேண்டியவரோட எழுத்துபூர்வ ஒப்பந்தமாவது வேணும். உள்நாட்டு உரிமங்களும் இதே மாதிரியில அமைஞ்சவைதான். இறங்குற கிளப்புக்கு இது இரட்டை அடி. வருமானம் ஒரே நாள்ல சுருங்கும், ஒப்பந்தச் சம்பளம் அப்படியே நிக்கும். முதலாளி பணத்தை நம்பி நடக்கிற கிளப்புல அவர் கையை இழுத்துக்கிட்டா, ஒரு சீசன் கூடத் தாங்காது.

இவங்களோட பழைய முடிவுகளைத் தேடறவங்க ஒண்ணைக் கவனிங்க. 'மூன்றாம் பிரிவு'ன்னு 2017 அட்டவணையில இருக்கிறதும், இப்போ 'ட்ரெச்சா என்.எல்.'னு (மூன்றாம் கால்பந்து லீக்) இருக்கிறதும் ஒண்ணில்லை. 2022-ல லீக் அமைப்பை மாத்தி, உச்சத்துல எச்.என்.எல். (குரோஷியக் கால்பந்து லீக்), அதுக்குக் கீழ 'முதல்', 'இரண்டாம்', 'மூன்றாம்' என்.எல்.னு பேர் வச்சாங்க. அதனால இன்றைய 'மூன்றாம்' என்.எல். உண்மையில நாலாவது படி.