பங்கை மாற்றிக்கொள்ளச் சம்மதமா?

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், அவையோருக்கும் வணக்கம். ‘பங்கீட்டில் நியாயத்தை நிலைநாட்டுவது சம அளவா, பொறாமைக்கு இடமில்லாத பிரிவினையா?’ என்ற தலைப்பில், பொறாமைக்கு இடமில்லாத பிரிவினையே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் இரண்டு வாதங்களை வைத்தார். அளவு என்பது யாரும் சரிபார்த்துக்கொள்ளக்கூடியது, ஆகவே அது சண்டையை முடித்துவைக்கும் என்பது ஒன்று. பொறாமை என்பது வள்ளுவர் அழுக்காறாமை என்று ஓர் அதிகாரமே வகுத்துக் கடிந்த குற்றம், அந்தக் குற்றத்துக்கு இசைந்துகொடுப்பது நியாயத்தின் வேலையன்று என்பது மற்றொன்று.

இரண்டாவது வாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பிறர் நன்றாக வாழ்வதைக் கண்டு மனம் வேகுவதே வள்ளுவர் கடிந்த அழுக்காறு. பங்கீட்டில் நாங்கள் பேசும் பொறாமை அதுவன்று. பொருளியலாளர் டங்கன் ஃபோலி 1967-இல் இதை ஒரு சோதனையாகவே வகுத்தார். பிரித்து வைத்த பங்குகள் எல்லாவற்றையும் நான் என் கண்ணால், என் தேவையால் மதிப்பிட்டுப் பார்க்கிறேன். அப்படிப் பார்த்தபின், என் பங்கைக் கொடுத்துவிட்டு இன்னொருவர் பங்கை வாங்கிக்கொள்ள நான் விரும்புவேனா? பங்காளிகளில் ஒருவர்கூட அப்படி விரும்பமாட்டார் என்றால் அந்தப் பிரிவினை பொறாமைக்கு இடமில்லாதது. ஆகவே இது மனநோயைப் பற்றிய பேச்சன்று, பிரிவினை சரியாக நடந்ததா என்று பார்க்கும் பரிசோதனை. நல்ல பங்கு கையில் இருக்கும்போது பொறாமைப்படாதே என்று தம்பிக்கு அறிவுரை சொல்வது எந்த அண்ணனுக்கும் எளிது. ‘வா, மாற்றிக்கொள்வோம்’ என்று சொல்ல அந்த அண்ணன் முன்வருவாரா என்பதே எங்கள் கேள்வி.

அளவு சண்டையை முடித்துவைக்கும் என்ற முதல் வாதத்துக்கு என் வீட்டிலிருந்தே பதில் சொல்கிறேன். என் தாத்தாவுக்கு ஆறு ஏக்கர் நிலம், மூன்று மகன்கள். அவர் காலமானபின் சர்வேயரை வரவழைத்துச் சங்கிலி பிடித்து, தலைக்கு இரண்டு ஏக்கர் என்று எல்லைக்கல் ஊன்றினார்கள். ஒரு சென்ட் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வடக்குப் பங்கு வாய்க்காலை ஒட்டிய வண்டல். நடுப்பங்கில் கிணறு. தெற்குப் பங்கில் பாதி களர், ஆடி மாதத்தில் உப்புப் பூத்து வெள்ளை வெளேரென்று கிடக்கும். அந்தத் தெற்குப் பங்குக்கு வண்டித்தடம் எது என்று பத்திரத்தில் ஒரு வரிகூட எழுதப்படவில்லை. கிணற்றில் மூன்றில் ஒரு பாகம் பாத்தியம் என்று எழுதினார்கள். தண்ணீர் எந்த வரப்பு வழியாக வரவேண்டும் என்று எழுதவில்லை. இளையவர் என்பதால் தெற்குப் பங்கு என் தந்தைக்கு வந்தது. பதினோரு ஆண்டுகள் பாக வழக்கு நடந்தது. நடந்த அத்தனை ஆண்டும் என் பெரியப்பாக்கள் இருவரும் திருப்பித் திருப்பிச் சொன்ன ஒரே வாக்கியம், ‘அளந்துதானே கொடுத்தோம்’ என்பதே. அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் சொன்ன அளவும் பொய்யன்று. ஆனால் அந்தப் பதினோரு ஆண்டுகளில் ஒருநாள்கூட, ‘தெற்கை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், நீ வடக்கே வா’ என்று அவர்கள் சொல்லவில்லை. சங்கிலியால் அளக்க முடியாத வேற்றுமை எவ்வளவு என்பதற்கு அவர்களுடைய அந்த மௌனமே சாட்சி.

இருவருக்குள் என்றால் இதற்குத் தீர்வு மிகப் பழையது, ஒருவர் பிரிக்கட்டும், மற்றவர் முதலில் எடுக்கட்டும். பிரிப்பவர் கடைசியில் எது மிஞ்சினாலும் தமக்குச் சம்மதம் என்னும்படி பிரித்தாக வேண்டும். எடுப்பவர் தமக்குச் சிறந்ததை எடுத்துக்கொள்வார். இருவருக்கும் மாற்றிக்கொள்ளும் ஆசை வராது. இது சிறுபிள்ளைகள் தின்பண்டம் பிரிக்கும் விளையாட்டு என்று எண்ணிவிட வேண்டாம். 1982-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடல் சட்ட உடன்படிக்கையில் இதே முறை இருக்கிறது. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆழ்கடல் படுகையில் கனிமம் எடுக்க விண்ணப்பிப்பவர், இரண்டு சுரங்கப் பணிகளுக்குப் போதுமான பரப்பைக் காட்டி, மதிப்பில் ஒத்த இரு பகுதிகளாக அதைப் பிரித்துத் தர வேண்டும். அவற்றுள் எது விண்ணப்பித்தவருக்கு, எது வளரும் நாடுகளின் நலனுக்காக ஒதுக்கப்படுவது என்பதைப் பன்னாட்டுக் கடற்படுகை ஆணையம் தேர்ந்தெடுக்கும். கடலடியை நன்கு ஆராய்ந்து அறிந்தவர் தாமே நல்ல பாதியைச் சுருட்டிக்கொள்ளாமல் தடுக்க, பரப்பளவை மட்டும் நம்பினால் போதாது என்று உலக நாடுகள் கூடி முடிவெடுத்திருக்கின்றன.

மூவர் என்று வரும்போதுதான் சிக்கல் ஆழமாகிறது. போலந்துக் கணித அறிஞர் ஸ்டைன்ஹவுஸ் 1948-இல் இந்தக் கேள்வியைக் கணித உலகின் முன் வைத்தார். அவருடைய நண்பர்களான பனாக்கும் குனாஸ்டரும் கண்ட வழி, ஒவ்வொருவருக்கும் அவரவர் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்காவது கிடைக்கச் செய்தது. எதிரணியினர், ‘இது போதாதா?’ என்று கேட்பார்கள். போதாது. எனக்குரிய மூன்றில் ஒன்று வந்துவிட்டது. ஆனால் மிச்சத்தை மற்ற இருவரும் பிரித்துக்கொண்ட விதத்தில் ஒருவருக்குப் பாதிக்குமேல் போய்விட்டது என்று என் கண் சொல்லுமானால், நான் அவர் பங்கை ஏறிட்டுப் பார்க்கத்தான் செய்வேன்.

அந்தக் குறையைத் தீர்க்கும் முறையை 1960-ஐ ஒட்டிய காலத்தில் கணித அறிஞர் செல்ஃப்ரிட்ஜும், பின்னர் அவரைச் சாராமல் கான்வேயும் கண்டுபிடித்தார்கள். அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன், ஏனென்றால் எங்கள் அணியின் உயிர்நாடி அதில் இருக்கிறது. மூத்தவர் தம் கண்ணுக்குச் சமமாக மூன்று துண்டுகள் இடுகிறார். நடுவானவர், அவற்றுள் ஒன்று மற்றவற்றைவிட மேலானது என்று கருதினால், அது இரண்டாவது நல்ல துண்டுக்குச் சமமாகும் வரை ஓரத்தை நறுக்கித் தனியே வைக்கிறார். இப்போது முதலில் எடுப்பவர் இளையவர். அடுத்து நடுவானவர் எடுக்கிறார். நறுக்கிய துண்டு இன்னும் அங்கே இருந்தால் அவர் அதைத்தான் எடுக்க வேண்டும். மூத்தவருக்கு மிஞ்சுவது நறுக்கப்படாத முழுத் துண்டு. தனியே வைத்த ஓரத்தையும் பிரிக்க வேண்டுமே? நறுக்கிய துண்டை எடுக்காத தம்பி அந்த ஓரத்தை மூன்றாக்குவார். நறுக்கியதை எடுத்தவர் முதலிலும், மூத்தவர் அடுத்தும், மூன்றாக்கியவர் கடைசியிலும் எடுப்பார்கள். நறுக்கியதை எடுத்தவருக்கு அந்த ஓரம் முழுவதுமே போய்ச் சேர்ந்தாலும் மூத்தவர் வருந்தமாட்டார், ஏனென்றால் இரண்டும் சேர்ந்தால்கூட அது அவரே முதலில் சமம் என்று இட்ட துண்டுதான். இங்கே ஒருவரும் மற்றவரின் நல்ல மனத்தை நம்பி நிற்கவில்லை, ஒருவரும் ஏமாற்றப்படவும் இல்லை. எத்தனை பேருக்கும் பொருந்தும் வழியை ஆய்வாளர்கள் பிராம்ஸும் டெய்லரும் 1995-இல் தந்தார்கள்; ஆனால் அதன் படிகளுக்கு உச்சவரம்பு இல்லை. அத்தகைய வரம்பு உள்ள வேறொரு வழியை 2016-இல் அஜீஸும் மெக்கன்சியும் தந்தார்கள்.

நிலத்தைத் துண்டாக்கலாம், பானையைத் துண்டாக்க முடியுமா என்று எதிரணியினர் கேட்கக்கூடும். என் பாட்டியின் பாத்திரங்களை அத்தைமார் மூவரும் பிரித்துக்கொண்ட நாள் எனக்கு நினைவிருக்கிறது. எல்லாவற்றையும் தராசில் வைத்து எடைக்கு எடை பிரித்துவிடலாம் என்று உறவினர் ஒருவர் யோசனை சொன்னார். திண்ணையில் ஒரு வெண்கலப் பானை இருந்தது. ஆண்டுக்கணக்காகப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து அடிப்பாகம் மெலிந்துபோன பானை. தராசில் அதற்கு மதிப்பே கிடையாது. சின்ன அத்தை அதை மடியில் வைத்துக்கொண்டு, ‘தவலையும் அண்டாவும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், அம்மா பொங்கல் வைத்த பானை இது’ என்றார். தராசை ஒதுக்கிவிட்டு, ஆளுக்கு ஒன்றாக முறை வைத்து எடுத்தார்கள். பெரிய அத்தை முதலில் எடுத்த அந்த ஒரே பொருளைக் கணக்கிலிருந்து நீக்கிப் பாருங்கள். அதன்பின் ஒவ்வொரு சுற்றிலும் சின்ன அத்தை எடுத்தது, அடுத்து அக்கா எடுத்ததைவிடத் தமக்குப் பிடித்ததாகவே இருக்கும். ஆகவே இந்த முறையில் பொறாமை மிஞ்சினாலும் ஒரு பொருள் அளவுக்குமேல் மிஞ்சாது. வீடு ஒன்று, பிள்ளைகள் இருவர் என்றால், ஒருவர் விலை சொல்லட்டும், அந்த விலைக்கு வாங்குவதா விற்பதா என்பதை மற்றவர் சொல்லட்டும். சேதமின்றிப் பிரிக்க முடியாத சொத்தை விற்றுப் பணமாகப் பிரிக்க 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டமும் இடம் தருகிறது.

தஞ்சைப் பகுதியின் பழைய மிராசு ஊர்களில், அதாவது நிலம் பரம்பரைப் பங்காளிகளுக்குப் பொதுவாக இருந்த ஊர்களில், கரையீடு என்றொரு வழக்கம் இருந்தது. ஊர் நிலத்தைக் கரைகள் என்னும் பங்குகளாக வகுத்து, குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை பங்காளிகளுக்குள் மறுபடி பிரித்துக்கொள்வார்கள். மடைக்கு அருகில் உள்ள நன்செயும் கடைமடை நன்செயும் அளவில் ஒன்றாக இருந்தாலும் விளைச்சலில் ஒன்றாகா என்பதை அந்த உழவர்கள் அறிந்திருந்தார்கள். அந்த வழக்கத்தில் நிலமில்லாத உழைப்பாளிக்குக் கரை இல்லை என்பதையும் நான் மறைக்கவில்லை.

யாரைப் பங்காளியாக எண்ணுகிறோம் என்ற கேள்வியைத் தள்ளிவிட்டு நியாயம் பேச முடியாது. என் தாத்தாவின் நிலத்தை மூன்றாகப் பிரித்த சங்கிலிக்கு மூன்று மகள்கள் இருப்பது தெரியாது. இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் 1989-இலும், நாடு முழுவதற்கும் 2005-இலும் சட்டம் திருத்தப்பட்டது. இருந்தும் இன்றளவும் சார்பதிவாளர் அலுவலகங்களில் எத்தனை சகோதரிகள் தம் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டுவிட்டு, பிறந்த வீட்டு உறவாவது மிஞ்சட்டும் என்று ஊர் திரும்புகிறார்கள்! ‘விருப்பத்தோடுதான் கையெழுத்திட்டார்’ என்று எதிரணி சொன்னால், எங்கள் சோதனையை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். அண்ணன் பங்கும் அந்தப் பத்திரமும் எதிரே இருக்க, ‘உனக்கு எது வேண்டும், எடுத்துக்கொள்’ என்று அவரிடம் யாராவது கேட்டார்களா?

நடுவர் அவர்களே, எதிரணியின் அடுத்த பேச்சாளரிடம் ஒரு வேண்டுகோள். வாய்க்கால் ஓரத்து இரண்டு ஏக்கரும், வண்டித்தடம் இல்லாத களர் இரண்டு ஏக்கரும் சமம் என்று அவர் கருதினால், அந்த இரண்டில் தெற்குப் பங்கைத் தாம் எடுத்துக்கொள்ளச் சம்மதம் என்று முதலில் சொல்லிவிட்டு, அதன்பின் தம் உரையைத் தொடங்கட்டும்.