மரத்துப்போகும் கைகள்

(வேலூரில் செவிலியர் பயிற்சி மாணவியரிடையே ஆற்றிய உரை)

அவைத்தலைவர் அவர்களுக்கும் மாணவியருக்கும் வணக்கம்.

இந்த ஊரில் நின்று அறவுணர்வைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் பக்கத்தில் தொழுநோய் மருத்துவமனை இருக்கும் கரிகிரிதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. 1946இல் வேலூருக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளியின் விரல்கள் குறைவது நோய் சதையைத் தின்பதால் அன்று, நரம்பு கெட்டு வலி தெரியாமல் போவதால்தான் என்பதை எடுத்துக்காட்டினார். கொதிக்கும் பாத்திரத்தைத் தொட்ட கை பின்வாங்குவதில்லை. அதனால் புண்ணின்மேல் புண்ணாகிறது. அறவுணர்வும் அப்படிப்பட்ட நரம்புதான். ஒரு வேறுபாடு உண்டு: அவர்களுக்குக் காயம் தம் கையில் பட்டது, நாம் மரத்துப்போனால் காயம் படுவது எதிரே படுத்திருப்பவருக்கு.

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ரெஸ்ட் அறச்செயலுக்கு நான்கு கூறுகள் சொன்னார். எது சரி என்று தீர்மானிப்பது இரண்டாவதுதான். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது என்பது கண்ணில் படுவதே முதலாவது. மற்றவற்றைத் தேர்வுக்குப் படித்துக்கொள்வீர்கள். நான் முதலாவதோடு நின்றுகொள்கிறேன்.

நான் பணியில் சேர்ந்த புதிதில், இடுப்பெலும்பு முறிந்து கிடந்த குடியாத்தம் பக்கத்துப் பாட்டி ஒருவருக்குச் சிறுநீர் நாளுக்கு நாள் குறைந்தது. சார்ட்டில் பிழையின்றி எழுதினேன். மருத்துவர் ட்ரிப்பைக் கூட்டச் சொன்னார், கூட்டினேன். தலைமாட்டுச் சொம்பில் வைத்த தண்ணீர் வைத்தபடியே இருந்ததை மூன்று நாள் பார்த்தும் எனக்கு எதுவும் தோன்றவில்லை. தரை துடைக்க வந்த ஆயாம்மாதான் கேட்டார்: "பெட்பேன் எடுத்துக்கினு வர்றது ஆம்பள ஆளு. அந்தம்மா எப்படிம்மா தண்ணி குடிக்கும்?"

பாடநூல்கள் உறுப்பு மாற்றத்தையும் கருணைக்கொலையையும் விரிவாகப் பேசுகின்றன. வார்டிலோ, ஸ்க்ரீனை இழுத்துவிட்டோமா என்பதிலும், "அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க சிஸ்டர்" என்று மகன் கெஞ்சும் நேரத்திலும், வங்காளத்திலிருந்து வந்தவர் மொழி புரியாமல் தலையாட்டியதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டோமா என்பதிலும்தான் அறம் வந்து நிற்கிறது.

கண்ணில் பட்டும் செய்ய முடியாத நிலையும் உண்டு. சரியானது எது என்று தெரிந்தும் நிறுவனத்தின் நெருக்கடி கையைக் கட்டிப்போடும் அந்த வேதனைக்கு 1984இல் அமெரிக்க மெய்யியலாளர் ஆண்ட்ரூ ஜேமிட்டன் 'மாரல் டிஸ்ட்ரஸ்' என்று பெயரிட்டார். தமிழில் அறத்துயர் எனலாம். இரவில் முப்பது படுக்கைக்கு இருவர் என்றால், பார்க்காமலிருப்பதே சுலபம் என்று மனம் பழகிவிடுகிறது. ஆகவே மரத்துப்போன செவிலியரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. டியூட்டி பட்டியல் போடுகிறவர்களுக்கும் அதில் பங்குண்டு.

அந்தப் பாட்டிக்குப் பெண் பணியாளரை அமர்த்திய அன்று மாலையே சொம்பு காலியானது. பிறகு, ஷிப்ட் மாறும்போது மருந்து, ட்ரிப், காயம் இவற்றோடு, "இவர் எதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்" என்றும் ஒரு வரி எழுதத் தொடங்கினோம். முதல் வாரம் அந்த இடம் பெரும்பாலும் வெற்றாகவே கிடந்தது. அடுத்த வாரம், ஷிப்ட் ஒப்படைக்கும் நேரத்தில் ஆயாம்மாவையும் எங்களோடு வந்து நிற்கச் சொன்னோம்.