காற்று போனால்தான் ரயில் நிற்கும்! தொப்பூர் கணவாயில் ஒரு பிரேக் பாடம்

(காட்சி: தொப்பூர் இறக்கம், வரிசையாக லாரிகள். ‘புஸ்ஸ்’ என்ற சத்தம்.)

வணக்கம் மக்களே! 2021 நவம்பர் 12, விடியற்காலை. தருமபுரி பக்கம் தொப்பூருக்கும் சிவாடிக்கும் நடுவில் பாறைகள் சரிந்து விழுந்ததில் கண்ணூர்–யஷ்வந்த்பூர் எக்ஸ்பிரஸ் தடம் புரண்டது. இரண்டாயிரத்துக்கும் மேல் பயணிகள்; ஒரு உயிர்கூடப் போகவில்லை.

இப்படி ஒரு நேரத்தில் டிரைவர் பிரேக் கைப்பிடியை எமர்ஜென்சிக்குத் தள்ளினால் என்ன ஆகும்? குழாயில் இருக்கும் காற்றெல்லாம் வெளியே ஓடிவிடும். ஆமாம், காற்று போனால்தான் பிரேக் பிடிக்கும்!

வரலாறு ஒரே வரி: 1869-இல் அமெரிக்கர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் செய்த முதல் ஏர் பிரேக்கில் குழாய் அறுந்தால் பிரேக்கே இல்லை, 1872-இல் குழாய் அறுந்தாலே பிரேக் பிடிக்கும்படி அதை அவரே தலைகீழாக்கினார்.

(காட்சி: பெட்டியின் அடிப்பக்கப் படம்.)

எஞ்சினிலிருந்து கடைசிப் பெட்டி வரை ஒரே பிரேக் குழாய். அதில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம், கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஒவ்வொரு பெட்டிக்கடியிலும் தனியாக ஒரு காற்றுத் தொட்டி, காவலாளி மாதிரி ஒரு வால்வு. குழாயில் அழுத்தம் குறைந்ததும் வால்வு தொட்டிக் காற்றை பிரேக் சிலிண்டருக்குத் திறந்துவிடும். பெட்டி கழன்று ஓடினாலும் குழாய் அறுந்துவிடும், இரண்டு பக்கமும் தானாக நிற்கும். எனக்கு இதுதான் அசத்தலாகப் படுகிறது.

சரி, லாரிக்கு வருவோம். காலையில் டீ குடித்துக்கொண்டே எஞ்சினை ஓடவிட்டு ‘காத்து ஏறட்டும்’ என்று நிற்கிறார்களே, எதற்கு? பின்சக்கர ஹேண்ட் பிரேக்கைப் பிடிப்பது ஸ்பிரிங். அதை விடுவிப்பதுதான் காற்று. அதனால்தான் காற்று இறங்கினால் ‘ஏர் லாக்’ ஆகி வண்டி நகராது. ரயிலின் அதே தலைகீழ் புத்தி!

அப்புறம் ஏன் இந்தத் தொப்பூர் இறக்கத்தில் இத்தனை லாரி விபத்து? கால் பிரேக் வேறு கதை, அது காற்றை அனுப்பித்தான் பிடிக்கும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கி, பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் சக்கரத்தை உரசிப் பிடிக்கும் பிரேக் லைனிங் சூடேறிப் பிடிமானம் போய்விடும். காற்று நிறைய இருந்தும் பயனில்லை. மிச்சமாகும் டீசல் அரை டீக்குக்கூட வராது சாமி!

மறுபடி ரயிலுக்கு வருவோம். பெட்டியில் இருக்கும் அபாயச் சங்கிலியும் அதே பிரேக் குழாயைத்தான் திறக்கிறது. ‘மொரப்பூர் வந்துடுச்சு, இறங்கணும்’ என்று இழுத்தால் ஓராண்டு வரை சிறை அல்லது 1000 ரூபாய் வரை அபராதம். அதற்குப் பிறகு ஒருவர் அந்தப் பெட்டியைத் தேடி வந்து வால்வை மூடி, குழாயில் மறுபடி காற்று ஏறும் வரை மொத்த ரயிலும் காத்திருக்கும்.

தருமபுரி லாரி அண்ணன்களே, ஏர் லாக் ஆகி நடுரோட்டில் நின்றிருக்கிறீர்களா? கமெண்டில் போடுங்கள்.