ஏதென்ஸில் ஒரு செருப்புக் கடை

வணக்கம் நண்பர்களே. காற்று பலமாக அடிக்கிறது, மைக்கில் இரைச்சல் வந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் இப்போது ஏதென்ஸில், பழைய அகோராவுக்குள் நிற்கிறேன். அகோரா என்றால் சந்தை, கோர்ட், ஊர்க்கூட்டம், வெட்டிப்பேச்சு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே இடம். பின்னால் மேலே தெரிவது அக்ரோபோலிஸ் குன்று, அதன் மேல்தான் பார்த்தினன் கோயில். "அண்ணா, பார்த்தினனை எப்போது காட்டுவீர்கள்?" என்று போன வீடியோவில் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். நாளைக்குக் காட்டுகிறேன். இன்றைக்கு ஒரு செருப்புக் கடை.

கேமராவைத் திருப்புகிறேன். இதோ, இந்தக் கல். "நான் அகோராவின் எல்லை" என்று கல்லே வாய் திறந்து சொல்வதுபோல வெட்டிவைத்திருக்கிறார்கள். கி.மு. 500 வாக்கில் நட்டது. கல்லை ஒட்டினாற்போல ஓர் அஸ்திவாரம் ஓடுகிறதல்லவா? அதுதான் கடை. 1950களில் அமெரிக்கத் தொல்லியல் குழு இங்கே தோண்டியபோது, செருப்பின் அடியில் அடிக்கிற சின்னச் சின்ன இரும்பு ஆணிகள் கிடைத்தன. வார் கோக்கிற எலும்பு வளையங்களும் கிடைத்தன. அப்புறம் கறுப்பு மெருகு பூசிய ஒரு கோப்பையின் உடைந்த அடிப்பாகம். அதில் ஒரே ஒரு சொல் கீறியிருந்தது: "சைமனுடையது".

ஏன் எல்லாரும் துள்ளிக் குதித்தார்கள் என்றால், சைமன் என்ற செருப்புத் தைப்பவரைப் பற்றிப் பழைய நூல் ஒன்றில் ஏற்கெனவே ஒரு குறிப்பு உண்டு. தத்துவஞானிகளின் வாழ்க்கையைத் தொகுத்த டயோஜீனஸ் லேர்ஷியஸ் எழுதியது. சாக்ரடீஸ் சைமனின் கடைக்கு வந்து பேசுவாராம். அவர் போனபிறகு, நினைவில் நின்றதையெல்லாம் சைமன் குறித்துவைப்பாராம். அன்றைய ஏதென்ஸின் பெரிய தலைவர் பெரிகிளிஸ் "என்னோடு வந்துவிடு, உன்னை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாராம். "என் வாயை விற்க மாட்டேன்" என்கிற மாதிரி சைமன் மறுத்துவிட்டாராம். அந்தச் சைமனும் இந்தக் கோப்பைக்காரரும் ஒருவர்தான் என்பதை எல்லா ஆய்வாளர்களும் ஒப்புக்கொள்வதில்லை. இருக்கட்டும். நான் ஒப்புக்கொள்கிற கட்சி.

சாக்ரடீஸ் ஏன் கடை கடையாக ஏறி இறங்கினார்? அதற்கு ஒரு காரணத்தை அவருடைய சீடர் செனபோன் எழுதியிருக்கிறார். யூதிடெமஸ் என்று ஒரு பையன். அகோராவுக்குள் போய்க் காரியம் பார்க்கிற வயது அவனுக்கு இன்னும் வரவில்லை. அதனால் பக்கத்தில் கடிவாளம் செய்கிற ஒருவர் கடையில் உட்கார்ந்திருப்பான். அவனைத் தேடி சாக்ரடீஸ் அங்கே போவார். இப்போது இந்த எல்லைக்கல்லையும் கடையையும் சேர்த்துப் பாருங்கள். கடை எல்லைக்கு வெளியே, ஓர் எட்டுத் தள்ளி. இளவட்டங்களோடு பேச இதைவிடத் தோதான இடம் கிடைக்குமா?

கடைவாசனை அவர் பேச்சிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. "எப்போது பார்த்தாலும் செருப்புத் தைப்பவர், சமையல்காரர், வைத்தியர் என்றே பேசுகிறாயே, வேறு பேச்சே கிடையாதா?" என்று அவருடைய இன்னொரு சீடர் பிளேட்டோ எழுதிய ஓர் உரையாடலில் ஒருவர் அவரிடம் எரிந்து விழுவார். சாக்ரடீஸ் கேள்வி கேட்கிற விதத்துக்கு ஒரு மாதிரி சொல்கிறேன். லாக்கிஸ் என்று ஒரு தளபதி. தைரியம் என்றால் என்ன என்று அவரிடம் கேட்கிறார். தளபதிக்கு இதெல்லாம் ஒரு கேள்வியா? "வரிசையில் நின்று போரிடுவது, ஓடாமல் இருப்பது" என்கிறார். "சித்தியர்கள் குதிரையில் ஓடிக்கொண்டே திரும்பி அடிக்கிறார்களே, அவர்கள் கோழைகளா?" சரி, அது குதிரைப்படை, கணக்கில் வராது என்கிறார் தளபதி. "பெர்சியர்களோடு நடந்த பிளாட்டியா போரில் ஸ்பார்ட்டாவின் காலாட்படையே பின்வாங்கி, எதிரியின் வரிசை கலைந்ததும் திரும்பி ஜெயித்ததே?" தளபதியிடம் பதில் இல்லை. உரையாடல் முடியும்வரைக்கும் தைரியத்துக்கு விளக்கம் கிடைப்பதில்லை. தனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு மனிதர், தெரியாது என்று தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போகிறார், அவ்வளவுதான்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இப்படி நாள் முழுக்க நின்று பேச யாருக்கு நேரம் இருந்தது? ஸ்கூல் என்கிறோமே, அது "ஸ்கோலே" என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதன் முதல் பொருள் ஓய்வு, சும்மா இருக்கிற நேரம். இவர்கள் சும்மா இருக்க வேண்டும் என்றால் வேறு யாரோ வேலை பார்க்க வேண்டும் அல்லவா? லாரியம் வெள்ளிச் சுரங்கத்தில் வெட்டியது அடிமைகள். இந்த நகரத்தில் போலீஸ் வேலை பார்த்த வில்லாளிகளே அரசாங்கத்தின் அடிமைகள். அடிமை என்பவன் "உயிருள்ள கருவி" என்று எழுதியது வேறு யாருமில்லை, அரிஸ்டாட்டில். ஓட்டுரிமை வயதுவந்த ஆண் குடிமக்களுக்கு மட்டும். அந்த அரிஸ்டாட்டிலே வெளியூர்க்காரர் என்பதால் அவருக்கும் இங்கே ஓட்டுக் கிடையாது, நிலம் வாங்கவும் முடியாது.

எனக்கு உறுத்துகிற இடம் ஒன்று உண்டு. பிளேட்டோ எழுதிய "மெனோ"வில் சாக்ரடீஸ் ஓர் அடிமைப் பையனைக் கூப்பிட்டு, மண்ணில் சதுரம் வரைந்து, இதன் பரப்பை இரட்டிப்பாக்கு என்கிறார். பையன் முதலில் பக்கத்தை இரட்டிப்பாக்குகிறான். பரப்பு நாலு மடங்காகிவிடுகிறது. ஒன்றரை மடங்கு ஆக்கிப் பார்க்கிறான், அதுவும் ஒத்துவரவில்லை. கடைசியில் மூலைவிட்டத்தின் மேல் புதுச் சதுரம் எழுப்பினால் சரியாக வரும் என்று பிடித்துவிடுகிறான். படித்த எஜமானுக்கு இருக்கிற அதே அறிவு அந்தப் பையனிடமும் இருக்கிறது என்று அங்கேயே நிரூபணமாகிவிட்டது. அப்புறம்? அப்புறம் ஒன்றுமில்லை. பையன் அடிமையாகவே நிற்கிறான், பெரியவர்கள் பேச்சைத் தொடர்கிறார்கள். அவன் பெயரைக்கூட எழுதிவைக்கவில்லை.

சாக்ரடீஸ் மேல் போட்ட வழக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான், வேகமாகப் போய்விடுகிறேன். கி.மு. 399. ஊர்க் கடவுள்களை மதிக்கவில்லை, பிள்ளைகளைக் கெடுக்கிறார் என்று குற்றச்சாட்டு. தீர்ப்பு சொன்னவர்கள் சுமார் 500 சாதாரணக் குடிமக்கள். முப்பது ஓட்டு மாறி விழுந்திருந்தால் தப்பியிருப்பார். என்ன தண்டனை தரலாம், நீரே சொல்லும் என்றபோது, ஊர்ச் செலவில் எனக்குச் சாப்பாடு போடுங்கள் என்றாரே மனிதர்! பின்னால் அபராதம் கட்டுகிறேன் என்று இறங்கி வந்தும் பலிக்கவில்லை. 70 வயதில் ஹெம்லாக் விஷம்.

ஆனால் பேச்சு அதோடு நிற்கவில்லை. சைப்ரஸ் தீவிலிருந்து ஜீனோ என்றொரு வியாபாரி. கப்பல் உடைந்து, சரக்கெல்லாம் கடலோடு போய், ஏதென்ஸில் ஒரு புத்தகக் கடையில் வந்து உட்கார்ந்தார். அங்கே செனபோன் சாக்ரடீஸைப் பற்றி எழுதியதைப் படிக்கக் கேட்டுவிட்டு, "இப்படிப்பட்ட ஆட்கள் எங்கே கிடைப்பார்கள்?" என்றாராம். தெருவில் போய்க்கொண்டிருந்த ஒரு ஞானியைக் கடைக்காரர் கைகாட்டினாராம். அந்த ஜீனோதான், இந்த ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த ஓவியத் தாழ்வாரத்தில் பாடம் நடத்த ஆரம்பித்தார். தாழ்வாரத்துக்குக் கிரேக்கத்தில் ஸ்டோவா, அதனால் அவருடைய தத்துவ மரபுக்கு ஸ்டோயிக் என்று பெயர். பின்னால் அந்த மரபில் வந்தவர்களில் எபிக்டெட்டஸ் அடிமையாக இருந்தவர், மார்க்கஸ் அரேலியஸ் ரோமப் பேரரசர். நம்மைக் கலக்குவது நடந்த விஷயம் இல்லை, அதைப் பற்றி நாம் வைத்திருக்கும் எண்ணம்தான் என்றார் எபிக்டெட்டஸ். 1950களில் ஆல்பர்ட் எல்லிஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் சிகிச்சை முறைக்கு அந்த வரியை வெளிப்படையாகவே எடுத்துக்கொண்டார். இன்றைக்குக் கவுன்சிலிங் அறையில் "அப்படி நினைக்க என்ன ஆதாரம் இருக்கிறது?" என்று உங்களிடம் கேட்கிறார்களே, அதில் பாதி இந்தத் தெருப் பேச்சுதான்.

ரயில் வருகிறது, சத்தம் போகட்டும். ஆமாம், மெட்ரோ அகோராவை வெட்டிக்கொண்டுதான் போகிறது.

சரி, மியூசியத்துக்குள் வந்துவிட்டேன். இதுதான் அந்தக் கோப்பைத் துண்டு, பக்கத்தில் ஆணிகள். நான் இதைவிடப் பெரிதாக நினைத்திருந்தேன். கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கிறது, கொஞ்சம் தள்ளி நிற்கிறேன். இப்போது எழுத்துத் தெரிகிறதா?