ரப்பர் கொட்டையும் பல்லாங்குழியும்

பெரியவர்களுக்கும், பெரியவர்கள் இழுத்துக்கொண்டு வந்திருக்கும் இளையர்களுக்கும் வணக்கம்.

கப்பலேறிச் சிங்கப்பூருக்கு வந்த நம் ஆட்களில் பல்லாங்குழிப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்? ஆட்டம்தான் வந்தது. ஆடுவதற்கான காயை இந்த மண் கொடுத்தது.

1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் நம் பூமலைக்கு, அதாவது தாவரவியல் பூங்காவுக்கு, வந்தன. பிறகு மண்டாய், செம்பவாங், நீ சூன் பக்கமெல்லாம் பால்மரத் தோட்டங்கள். வெயில் ஏறுவதற்கு முன்னால்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால் இருட்டிலேயே மரம் வெட்ட, அதாவது பட்டையைக் கீறிப் பால் இறக்க, போய்விடுவார்கள். பாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டால் பிற்பகல் கொஞ்சம் நம் கையில். லயத்து வாசலில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு முன்னால், ஆட்டம் கூடுவது அந்த நேரத்தில்தான்.

ரப்பர் காய் வெயிலில் காய்ந்து பட்டென்று வெடிக்கும். ஒரு காய்க்கு மூன்று கொட்டை. வழவழவென்று, பழுப்புத் தோலில் கரும்புள்ளி. ஊரில் புளியங்கொட்டையும் சோழியும் அள்ளிய கை இங்கே இதை அள்ளியது. கொட்டை பெரிது, ஆகவே மண்ணில் தோண்டிய குழியும் பெரிது. பையன்கள் கொட்டைமேல் கொட்டையை வைத்து ஓங்கி ஓர் அடி போடுவார்கள். யாருடையது உடைகிறதோ அவன் தோற்றான். உடையாத கொட்டைக்கு இருந்த மரியாதை கங்காணிக்குக்கூட இருந்திருக்காது! சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்து, சூடு ஏறியதும் பக்கத்தில் இருப்பவன் கையில் வைத்துவிட்டு ஓடுவதும் உண்டு. சூடு வாங்கியவர்கள் சிலர் இங்கே சிரிக்கிறீர்கள், தெரிகிறது.

கம்பத்தில், அதாவது கிராமத்தில், மலாய்க்காரர்கள் பல்லாங்குழி போன்ற சொங்காக் ஆடினார்கள். நம் ஆட்டத்தில் ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் பசு. குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்ளலாம். சொங்காக்கில் இரண்டு முனையிலும் பெரிய குழி, அதுதான் வீடு. சுற்றி வரும்போது தன் வீட்டில் ஒரு விதை போட்டுக்கொண்டே போக வேண்டும். கடைசி விதை அங்கே விழுந்தால் மறுபடியும் ஆடலாம். என் அத்தைக்கு இரண்டும் அத்துபடி. மலாய்த் தோழியிடம் தோற்கிற மாதிரி இருந்தால், “எங்க ஆட்டப்படி இது பசு” என்று அள்ளிக்கொள்வாராம்.

1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் வந்தது. அப்புறம் கம்பங்கள் அடுக்குமாடிகளாயின. கிட்டிப்புள்ளுக்கு அங்கே இடமில்லை. ஜன்னல் உடைந்தால் யார் பதில் சொல்வது? சடுகுடுவுக்கு மண் வேண்டும். அஞ்சாங்கல் மட்டும் சாமர்த்தியமாகத் தப்பித்தது. கல்லுக்குப் பதில், அரிசியோ பச்சைப்பயறோ வைத்துத் தைத்த ஐந்து சின்னத் துணிப்பைகள். தரையில் விழுந்தாலும் சத்தமில்லை, கீழ்வீட்டுக்காரர் மேலே வரமாட்டார். ரப்பர் வளையங்களைக் கோத்துக் கயிறாக்கித் தாண்டும் சீரோ பாயிண்ட் ஆட்டம், அடுக்குமாடிக்குக் கீழே திறந்தவெளியாக இருக்கும் வெற்றுத்தளத்துக்கு வந்தது. தாத்தா வெட்டிய மரத்துப் பாலில் பேத்தி குதித்தாள் என்று சொன்னால் மிகை என்பீர்கள். சரி, பாதியாவது உண்மை.

இப்போது பல்லாங்குழிப் பலகை வரவேற்பறை அலமாரிக்கு ஏறிவிட்டது. மெருகு குலையாமல், ஒரு கீறல் இல்லாமல் இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. அதற்கு முட்டை அட்டை மேல். குழி தயாராக இருக்கிறது, விலையும் இல்லை. ஏழேழு குழியாக இரண்டு வரிசை வரும்படி வெட்டி ஒட்டிக்கொண்டால் போதும்.

தேநீருக்குப் பிறகு பின்மேசையில் சில பலகைகள் இருக்கும். பெரியவர் ஒருவர், இளையர் ஒருவர் என்று எதிரெதிரே உட்காருங்கள். பசு உண்டா இல்லையா என்பதை மட்டும் முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். பாதி ஆட்டத்தில் பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிடாதீர்கள்.