நேர்கோட்டில் முந்துவது வெர்னாதான்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கார் வைத்திருப்பவர்களே, வைத்திருப்பவர்களிடம் லிப்ட் கேட்டு வந்திருப்பவர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

தலைப்பை ஒருமுறை ஞாபகப்படுத்திக்கொள்கிறேன். "நேர்கோட்டு ஓட்டத்தில் முந்துவது வெர்னா டர்போவா, விர்டஸ் ஜிடியா?" முதலாவது ஹூண்டாய் கார், இரண்டாவது ஃபோக்ஸ்வாகன் கார். ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் கதவு சாத்தும் சத்தத்தைப் பற்றிப் பேசினார், வளைவில் விர்டஸ் எப்படித் தரையோடு ஒட்டிப் போகும் என்று பேசினார், கடைசியில் டிக்கிக்கே போய்விட்டார். ஐயா, நேர்கோட்டுத் தலைப்பில் வளைவுக்குள் போனால் என்ன அர்த்தம்? நேரே போனால் தோற்றுவிடுவோம் என்று அர்த்தம். (டிக்கியிலும் விர்டஸ் 521 லிட்டர், வெர்னா 528 லிட்டர். அதையாவது பார்த்துவிட்டு வந்திருக்கலாம்.) பாதுகாப்பு என்று அடுத்தவர் ஆரம்பிப்பதற்குள் அதையும் சொல்லிவிடுகிறேன். 2023இல் கார்களை மோதவைத்துப் பார்க்கும் குளோபல் என்கேப் சோதனையில் இரண்டுமே ஐந்து நட்சத்திரம் வாங்கின. எனவே அந்தப் பேச்சு வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். 2022 ஜூனில் ஃபோக்ஸ்வாகன் விர்டஸைக் கொண்டுவந்தது. 1.5 டிஎஸ்ஐ எஞ்சின், 1498 சிசி, 150 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது எஞ்சினின் சுழற்றும் விசை. அடுத்த வருடம் மார்ச்சில் புதிய வெர்னா வந்தது. 1482 சிசி, 160 குதிரைத்திறன், 253 நியூட்டன் மீட்டர். 16 சிசி குறைவு, 10 குதிரை கூடுதல். நூறு கிலோமீட்டர் வேகத்தை 8.1 நொடியில் தொடும் என்று ஹூண்டாய் அறிவித்தது. இருங்காட்டுக்கோட்டையில் செய்கிற வண்டி என்பதால் இந்தப் பக்கம் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். புனே பக்கத்துச் சாக்கனில் வெர்னாவைச் செய்து, இருங்காட்டுக்கோட்டையில் விர்டஸைச் செய்திருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

எதிரணியில் ஒருவர் உண்மையிலேயே நல்ல வாதம் ஒன்றை வைத்தார். "டார்க் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதானே, மூன்று நியூட்டன் மீட்டர் வித்தியாசம் எந்த டிரைவருக்குத் தெரியும்?" என்றார். சரி, ஒத்துக்கொள்கிறேன். எஞ்சின் நிமிடத்துக்கு 3500 சுற்று சுற்றும் வரைக்கும் இரண்டு எஞ்சினும் ஏறத்தாழ அண்ணன் தம்பிதான், இரண்டும் அங்கே 125 குதிரை அளவில்தான் நிற்கும். கதை அதற்கு மேலேதான் இருக்கிறது. வெர்னா 5500 சுற்றில் 160 குதிரையைத் தொடுகிறது என்றால், அந்த இடத்தில் அதன் டார்க் சுமார் 204. அதே 5500இல் விர்டஸ் 150 குதிரையில் இருக்கிறது, அதாவது சுமார் 191. மூன்றாக இருந்த வித்தியாசம் பதின்மூன்றாகிவிட்டது. கியர் விகிதம் வேறு வேறு என்பார்கள். ஒரே வேகத்தில் ஓடும் இரண்டு கார்களில் எது அதிகமாக இழுக்கும் என்பதை அந்த நொடியில் சக்கரத்துக்கு வரும் குதிரைத்திறன்தான் முடிவு செய்யும், கியர் அதைக் கொண்டுசேர்க்கும் தரகர் மட்டும்தான்.

உடனே இன்னொரு நண்பர் எழுந்து "தினசரி ஓட்டத்தில் யார் ஐயா 5500 சுற்றுக்குப் போகிறார்கள்?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கினார். நீங்கள் போக வேண்டாம், கியர்பாக்ஸ் கொண்டுபோகும்! விழுப்புரம் தாண்டியதும் வலது ஓரத்தில் ஒரு லாரி அறுபதில் போய்க்கொண்டிருக்கிறது, அவர் வழிவிடுகிறார், நீங்கள் ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கிறீர்கள். வெர்னாவின் டிசிடியானாலும் சரி, விர்டஸின் டிஎஸ்ஜியானாலும் சரி, அந்தத் தானியங்கி கியர்பாக்ஸ் சடாரென்று கியரைக் குறைத்து எஞ்சினை அந்த மேல்பகுதிக்குத்தான் ஏற்றிவிடும். அப்படியானால் ஓவர்டேக் நடக்கும் இடமே, நான் சொன்ன அந்தப் பதின்மூன்று நியூட்டன் மீட்டர் இருக்கிற இடம்தான். அதுவும் நான்கு பேர், பின்னால் பெட்டிகள், ஏசி ஓடுகிறது என்றால் பத்துக் குதிரை எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

"அரை நொடி வித்தியாசத்துக்கு இவ்வளவு பேச்சா?" என்றும் கேட்டார்கள். அரை நொடி என்றே வைத்துக்கொள்வோம். நூறில் போகும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 28 மீட்டர் போகிறது, அரை நொடிக்குப் பதினான்கு. வெர்னாவின் நீளம் நாலரை மீட்டர்தான். ஆக மூன்று கார் நீளம். எதிரே ஒரு பேருந்து வரும்போது அந்த மூன்று கார் நீளத்தைக் கடனாகத் தருவதற்கு எதிரணியில் யாராவது இருக்கிறார்களா?

நியாயமாகப் பேச வேண்டும் என்று நடுவர் முன்பே சொல்லியிருக்கிறார், அதனால் விர்டஸுக்கு உள்ள பெருமையையும் சொல்கிறேன். அதன் 150 குதிரையும் 5000 முதல் 6000 சுற்று வரை அப்படியே நிற்கிறது, கியர் மாறினாலும் சட்டென்று விழாது. அது நல்ல எஞ்சின்தான். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது வெர்னாவின் முன்சக்கரம் கொஞ்சம் வழுக்கும் என்பதும் உண்மை. ஆனால் விர்டஸும் முன்சக்கர இழுவைதான், டயர் அளவும் இரண்டுக்கும் 205/55 ஆர்16 ஒன்றேதான். மழை பெய்த ரோட்டில் முதல் கியரில் இரண்டு பேரும் சேர்ந்தேதான் வழுக்குவார்கள். அப்புறம், நிதானமாகப் போகும்போது நான்கில் இரண்டு சிலிண்டரைத் தூங்கவைக்கும் வசதியை அவ்வளவு பெருமையாகச் சொன்னார்கள். பெட்ரோல் மிச்சமாகும், மறுக்கவில்லை. ஓட்டப்பந்தயத்துக்குக் கூப்பிட்டால் இவர்கள் சிக்கனத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், நடுவர் அவர்களே!

மணி அடித்துவிட்டார்கள். எதிரணியில் அடுத்துப் பேச வரும் அம்மாவுக்கு ஒரே ஒரு கேள்வி: இரண்டு வண்டியும் 5500 சுற்றில் இருக்கும்போது, அந்தப் பத்துக் குதிரையை விர்டஸ் எங்கிருந்து கொண்டுவரும்? வளைவு, கதவு, டிக்கி இதையெல்லாம் தொடாமல் பதில் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.