முதலில் நலம் விசாரியுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் ஆயுள் முழுக்கச் சிரமமில்லாமல் இருந்துவிடலாம். ஆனால் 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அந்த நாட்டில் வீட்டில் சூலு மொழி பேசுவோர் 24 விழுக்காட்டுக்கு மேல். ஆங்கிலம் பேசுவோர் 9 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான் எப்போதும் நம் மொழிக்கு இறங்கி வரவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

1860 முதல் அங்குள்ள கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிப் போன நம்மவர்களின் வழிவந்தவர்கள் பெரும்பாலோர் இன்று வீட்டில் ஆங்கிலமே பேசுகிறார்கள். முந்தைய தலைமுறையில் பலருக்கு ஃபனகலோ தெரியும். அது சூலுச் சொற்களை எடுத்துக்கொண்டு இலக்கணத்தை உதறிவிட்ட கலப்பு மொழி. சுரங்கத்திலும் தோட்டத்திலும் வேலை ஏவுவதற்கு வளர்ந்தது. அதை ஒரு சூலுப் பெரியவரிடம் பேசினால் அவர் மனம் நோகும். புதிதாகக் கற்பவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

சூலுவில் வணக்கம் சொல்ல, ஒருவரைக் கண்டால் 'சவுபோனா'. இரண்டு பேர் இருந்தாலே 'சனிபோனானி'. பதிலுக்கு 'யேபோ', அதாவது ஆம், என்பார்கள். அதோடு நிறுத்திவிட்டு வந்த வேலையைப் பேசத் தொடங்காதீர்கள். 'உன்ஜானி' என்று நலம் கேட்க வேண்டும். பெரியவரானால் 'நின்ஜானி' என்று பன்மையில் கேட்பது மரியாதை, நம் 'நீங்கள்' மாதிரி. டர்பனின் வார்விக் சந்தையில் தனியாகக் கடை போட்டிருக்கும் பாட்டியும் 'சிக்கோனா', நாங்கள் இருக்கிறோம் என்று வீட்டாரையும் சேர்த்தே சொல்வார். அவரை 'கோகோ' என்று அழையுங்கள். தந்தை வயதினர் 'பாபா', தாய் வயதினர் 'மாமா'. குடும்பப் பெயர் தெரிந்துவிட்டால் குலப்பெயர் சொல்லியே அழைக்கலாம்: பூத்தெலேசி குடும்பத்தார் 'ஷெங்கே', சூமா குடும்பத்தார் 'ம்ஷோலோசி'. கேட்டதும் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்!

நலம் விசாரித்த பிறகுதான் கேட்க வேண்டியதைக் கேட்பது. அதற்கு 'ங்கிசெலா', கேட்டுக்கொள்கிறேன், என்ற சொல் இல்லாமல் முடியாது. அதன் நடுவில் வருவது நம் 'ச' அல்ல. பரிதாபப்பட்டு உச்சுக் கொட்டுகிறோமே, நாக்கு நுனியை மேற்பல்லின் பின்னால் ஒட்டி வெடுக்கென்று இழுத்து, அதே ஒலி. தனியாகக் கொட்டத் தமிழர் எல்லாருக்கும் வரும். சொல்லுக்குள் வைப்பதுதான் பாடு. 'ங்கி' சொல்லி, உச்சுக் கொட்டி, இடைவெளி விடாமல் 'எலா'வைத் தொடுத்துவிடுங்கள். 'ங்கிசெலா அமான்ஸி' என்றால் தண்ணீர் கிடைக்கும். இரு கையாலும் வாங்கிக்கொண்டு 'ங்கியாபோங்கா' என்று நன்றி சொல்லுங்கள். விடைபெறும்போது கிளம்புகிறவர் 'சாலா காஷ்லே', நலமாக இருங்கள் என்பார்; இருப்பவர் 'ஹம்பா காஷ்லே', நலமாகப் போய் வாருங்கள் என்பார். இது ஒரு வாரம் குழப்பும், பிறகு பழகிவிடும்.

குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகம் சூலு தெரியாத இளநிலை மாணவர்களுக்கு 2014 முதல் அந்த மொழிப் பாடத்தைக் கட்டாயமாக்கியது. நல்ல காரியம். ஆனால் வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு வகுப்பறை எங்கே? பலர் சேர்ந்து பயணிக்கும் டாக்ஸி வேன்தான். ஏறியதும் உள்ளே இருப்பவர்களுக்குப் பொதுவாக ஒரு 'சனிபோனானி' சொல்லுங்கள். எத்தனை பேர் 'யேபோ' என்கிறார்கள் பாருங்கள்.